அரிவாளில் ஏறாத சிவப்பு

தம்பி,

இங்கே யாவரும் சுகம் என்று எழுதித் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன். பாதிப் பொய்யோடு தொடங்க மனம் வரவில்லை. உன் அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, ஏலச்செடி நன்றாகச் சரம் விட்டிருக்கிறது, மழை இன்னும் இறங்கவில்லை; இவ்வளவும் உண்மை. நான்தான் சுகமாக இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லை, பயப்படாதே. பதினைந்து நாளாக உன்னிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தைச் சுமந்துகொண்டு திரிகிறேன். இந்த நோட்டைப் பார்த்ததும் உனக்கு அடையாளம் தெரிந்திருக்கும். நீல அட்டை, உப்புத் தண்ணீர் பட்டு மூலை உப்பிப்போன அதே நோட்டுதான். நீ தூக்கிப்போடச் சொன்னாய், நான் போடவில்லை. கடைசிப் பக்கங்கள் காலியாகக் கிடந்தன, அதில்தான் எழுதுகிறேன். லீவு முடிந்து மஸ்கட் திரும்பும் உன் சிநேகிதன் செல்வம் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஒரே ஒரு வேண்டுகோள்: முன்பக்கங்களை இப்போது புரட்டாதே. இதைப் படித்து முடித்துவிட்டுப் புரட்டு. சாமான் வாங்கினால் அதனோடு வரும் காகிதத்தைக்கூட முழுசாகப் படிக்கிறவன் நீ, அதனால் சொன்ன சொல் கேட்பாய் என்று நம்புகிறேன்.

பதினைந்து நாளுக்கு முன் பவித்ரா கூப்பிட்டாள். பகல் நேரம், நீ வேலைக்குப் போயிருந்தாய். எடுத்தவுடன் உன் அம்மாவைக் கேட்பவள் அன்றைக்கு என்னைத்தான் கேட்டாள். "மாமா, அவருக்குப் பிடிக்குமேன்னு நாந்தான் ஒரு கண்ணாடித் தொட்டி வாங்கி வச்சேன். பவளம் வளக்குற தொட்டி. ஒரு மாசமாச்சு, ஒரு சொட்டுத் தண்ணி ஊத்த மாட்டேங்கிறாரு. கேட்டா, என் கையில எதுவும் தங்காதுங்கிறாரு. அது போனாப் போகுது மாமா. நேத்து என்ன சொல்றாருன்னா, புள்ள பொறந்தா மொத ஆறு மாசம் நான் தூக்க மாட்டேன், நீயே பாத்துக்கங்கிறாரு. வெளையாட்டுக்குச் சொல்றாருன்னு மூஞ்சியப் பாத்தேன். சிரிக்கல மாமா." எட்டாம் மாத வயிற்றோடு அந்தப் பெண் இதைச் சொல்லும்போது நான் ஏலக்காய்ச் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். பிறகு பேசுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தேன். அவள் சொன்னது உன் வாயில் வந்த வார்த்தைதான், ஆனால் அது உன் வார்த்தை இல்லை. அதை உனக்குக் கொடுத்தவன் நான். இரண்டு தடவை கொடுத்திருக்கிறேன்.

முதல் தடவை உனக்குப் பன்னிரண்டு வயது. மேல்தோட்டத்தில் புதுக் கன்று வைக்கிற நாள். முதல் குழியில் முதல் கன்றை யார் வைப்பது என்று நம் ஆட்கள் எவ்வளவு கவனம் பார்ப்பார்கள் என்பது உனக்குத் தெரியும். கைராசிக்காரர் என்று நாலைந்து பேர் உண்டு. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டு, டீ கொடுத்து, கிழக்கே பார்த்து நிற்க வைத்து நடச் சொல்வோம். அன்றைக்கு நீ ஒரு கன்றைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, "அப்பா, மொதக் கன்ன நான் வைக்கட்டா?" என்றாய். அதற்கு முந்தின வாரம்தான் நீ வளர்த்த முயல் செத்திருந்தது. நான் பத்துப் பேர் முன்னால், "தள்ளுடா அங்கிட்டு. ஒன் கை வெளங்காத கை. மொயல வளத்த லட்சணத்தத்தான் பாத்தமே" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ கன்றை எறிந்துவிட்டு ஓடவில்லை. வேர் மண் உதிராமல் மெதுவாகத் தரையில் வைத்துவிட்டுப் போனாய். பேச்சியக்காவைக் கூப்பிட்டு நட்டோம். அந்த வருஷ மழையில் அந்தத் துண்டு முழுக்க அழுகல் விழுந்து போனது. யாரும் பேச்சியக்கா கையைக் குறை சொல்லவில்லை, மழையைத் திட்டினோம். முயலுக்கு மட்டும் உன் கை காரணமாம். அதற்கு மழையில் நனைந்த புல்லை அறுத்துப் போட்டது நான்தான் தம்பி. வயிறு உப்பித்தான் அது செத்தது. எனக்கு அப்போதே தெரியும்.

இரண்டாவது தடவைதான் இந்தக் கடிதம். கொச்சியில் கம்பெனிக்காரர்கள் ஆள் குறைத்தபோது நீ பெட்டியோடு ஒரு கண்ணாடித் தொட்டியையும் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாய். சின்னக்கானல் பக்கம் முளைக்கிற ரிசார்ட்டுகளில் முன்கூடத்தில் இப்படி ஒரு கடல் தொட்டி வைக்க ஆசைப்படுகிறார்கள், முதலில் வீட்டில் ஒன்று வளர்த்துக் காட்டுகிறேன், பிறகு அதுவே தொழிலாகும் என்றாய். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "கடலக் கொண்டாந்து கூடத்துல வச்சிட்டான். இனி கப்பல் ஒண்ணுதான் வரணும்" என்றாள். அவள் சொன்னது வேடிக்கை. நான் சொன்னது வேடிக்கை இல்லை. படிக்க வைத்த பிள்ளை மலையில் உட்கார்ந்து உப்புத் தண்ணீர் கலக்குகிறானே என்ற ஆத்திரம் எனக்கு. சாந்தன்பாறைக் கடைத்தெருவில் நாலு பேர் முன்னால் உன்னைக் கேலி செய்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொள்கிறாய் என்று உன் முகத்துக்கு நேராகவே சொன்னேன். நீ நம் குழாய்த் தண்ணீரை நம்பாமல் வடிகட்டிய தண்ணீரைக் கேனில் கொண்டுவந்து, உப்பை நிறுத்துப் போட்டு, ஒரு குழல் கருவியைக் கண்ணில் வைத்து உப்பு முப்பத்தைந்தில் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

அப்புறம் அந்த நாற்பது நாள். தொட்டியில் தண்ணீர், கல், மணல், ஓடுகிற ஒரு மோட்டார். மீன் இல்லை, ஒன்றும் இல்லை. நீயோ தினமும் காலையில் சின்னக் குப்பிகளில் தண்ணீரை எடுத்து, சொட்டு மருந்து விட்டு, நிறம் மாறுவதை அட்டையோடு வைத்துப் பார்த்து இந்த நோட்டில் எழுதுவாய். "என்னப்பா, மீனு பொறக்கும் முன்னாடியே ஜாதகம் எழுதுறியா?" என்று கேட்டேன். நீ சிரித்துக்கொண்டு ஒரு குப்பியை நீட்டினாய். பச்சையாக இருந்தது. "அமோனியாப்பா. கல்லுல இருக்குற அழுக்கு மக்கும்போது வர்றது. இப்ப மீன விட்டா செத்துரும். இதத் தின்னு வேற ஒண்ணா மாத்துற கிருமி தானா வரணும். அதுவும் வெசந்தான், அதத் தின்ன இன்னொரு கிருமி வரணும். அதுக்கப்புறந்தான் தண்ணி பக்குவம். அவசரப்பட்டா அம்புட்டும் போயிரும்." எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. பச்சைச் சாணியைச் செடி மூட்டில் போட்டால் வேர் வெந்துபோகும், மக்க விட்டுப் போட்டால் அதே சாணி உரம். முப்பது வருஷமாக நான் செய்துகொண்டிருப்பதைத்தான் என் பிள்ளை கண்ணாடிக்குள் செய்கிறான். இது அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை. சொன்னால் தோற்றதுபோல் ஆகிவிடுமே என்று டீயைக் குடித்துவிட்டு வெளியே போய்விட்டேன்.

உனக்குத் தெரியாதது ஒன்று சொல்கிறேன். நீ இல்லாத நேரங்களில் அந்தத் தொட்டிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். கண்ணாடியில் பழுப்பாகத் தூசி படர்ந்தபோது நீ பயப்படவில்லை, "புதுத் தொட்டிக்கு இது வரும், போயிரும்" என்றாய்; அப்படியே போனது. பிறகு ஆறு நத்தை வந்தது. இரண்டு வாரம் கழித்துச் சிவப்புக் கோடு போட்ட இறால் ஒன்று. அப்புறம் அந்த ஆரஞ்சு மீன், வெள்ளைப் பட்டை போட்டது. உன் அம்மா அதற்கு வரியன் என்று பேர் வைத்தாள். கடைசியாக, விரல்களை மூடி மூடித் திறக்கிற அந்தப் பவளம். தண்ணீர் குறைந்தால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது, வெறும் தண்ணீர்தான் ஊற்ற வேண்டும், ஆவியாகிப் போவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயேதான் கிடக்கும் என்று நீ உன் அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்ததை நான் பேப்பர் படிப்பதுபோல் கேட்டுக்கொண்டிருந்தேன். வரியன் என்னைக் கண்டால் கண்ணாடிப் பக்கம் வருவான். வெளியே கேலி, உள்ளே ஆசை. இந்த வயதில் இப்படி ஒரு இரட்டை வேஷம் எனக்கு.

ஜூன் மாதம், முதல் சுற்று மருந்தடித்து முடித்த வாரம், எறணாகுளத்தில் சிநேகிதன் கல்யாணம் என்று நீ நாலு நாள் போனாய். கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தாய்: ஞாயிறு காலை, வெள்ளை வாளியில் கலந்து வைத்திருக்கும் தண்ணீரில் பதினைந்து லிட்டர் மாற்றவும், வேறு எதுவும் செய்ய வேண்டாம். அம்மாவுக்கு எழுதிய காகிதம் அது. எனக்கு ஒரு ஆசை, நான் செய்து காட்டுகிறேனே என்று. வாளியைத் தூக்கினேன், கூடத்துப் படியில் கால் இடறியது, வாளி விழுந்து அடி பிளந்தது. தண்ணீர் முழுக்கத் தரையில். உன் அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் துடைத்துவிட்டேன். உப்புப் பொட்டலம் இருக்கிறது, வடிகட்டிய தண்ணீர் கேனில் இருக்கிறது, அளவு நோட்டில் இருக்கிறது. கலக்கப் பாத்திரம்தான் இல்லை. மருந்துக் கொட்டகையில் இருந்த நீலப் பீப்பாயை எடுத்தேன். ஆமாம் தம்பி, அழுகலுக்கு அடிக்கத் துரிசு கரைக்கிற பீப்பாய்தான்.

என்னைக் கேணையன் என்று நினைக்காதே, கவனமாகத்தான் செய்தேன், அதுதான் கொடுமை. சாம்பல் போட்டு மூன்று தடவை தேய்த்துக் கழுவினேன். நாலாவதாகத் தண்ணீர் பிடித்து வைத்து, நாம் துரிசும் சுண்ணாம்பும் கலக்கும்போது செய்வோமே, அதையே செய்தேன். அரிவாளைத் தீட்டி அந்தத் தண்ணீரில் முக்கி வைத்துவிட்டு ஒரு டீ குடிக்கிற நேரம் காத்திருந்தேன். துரிசின் காரம் மிச்சமிருந்தால் இரும்பில் சிவப்பு ஏறும், இன்னும் சுண்ணாம்பு போட வேண்டும். ஏறாவிட்டால் மருந்து சரி, இலை கருகாது. என் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குத் தெரிந்த பரிசோதனை அதுதான், ஒரு தடவையும் பொய் சொன்னதில்லை. அரிவாளை எடுத்தேன். பளபளவென்று இருந்தது. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை. பிறகென்ன, உன் அளவுப்படி உப்பைப் போட்டுக் கலக்கி, உன் கருவியைக் கண்ணில் வைத்துப் பார்த்தேன், கோடு முப்பத்தைந்தில் நின்றது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வரியன் முன்னால் நின்று, "பாத்தியாடா, நாங்களும் செய்வோம்" என்று சொல்லிக்கொண்டே பதினைந்து லிட்டரையும் உள்ளே ஊற்றினேன்.

மறுநாள் கடைத்தெருவில் அதேபோல் ஒரு வெள்ளை வாளி வாங்கி வந்து வைத்தேன். அன்றைக்கே இரண்டு நத்தை கண்ணாடியிலிருந்து உதிர்ந்து மல்லாந்து கிடந்தன. செவ்வாய்க்கிழமை நீ வந்தபோது இறால் ஒரு பக்கமாகச் சாய்ந்து கால்களை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தது. அந்தப் பவளம் கையை மூடியது மூடியதுதான். நீ குளிக்கக்கூடப் போகாமல் குப்பிகளை எடுத்துப் பார்த்தாய். அமோனியா இல்லை, அது மாறி வரும் நைட்ரைட் இல்லை, உப்பு சரி, சூடு சரி. தண்ணீரை மாற்றினாய், மறுபடி பார்த்தாய், மறுபடி மாற்றினாய். எல்லாம் சரியாக இருந்தது, எல்லாம் செத்துக்கொண்டிருந்தது. வரியன் ஒருவன்தான் எதுவும் நடக்காததுபோல் நீந்தினான். மூன்றாம் நாள் எறணாகுளம் கடைக்காரரைப் போனில் ஸ்பீக்கர் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாய். நான் உனக்கு டீ கொண்டு வந்து கதவருகில் நின்றேன். அவர், "மோனே, காப்பர் வல்லதும் வெள்ளத்தில் பட்டோ?" என்று கேட்டார். தண்ணீரில் செம்பு ஏதாவது பட்டதா என்கிறார். மீனுக்கு அது மருந்தாகக்கூடக் கொடுப்பார்களாம், நத்தைக்கும் இறாலுக்கும் பவளத்துக்கும் ஒரு துளியின் துளி போதுமாம், கல்லும் மணலும் அதை உறிஞ்சி வைத்துக்கொள்ளுமாம். நீ சொன்னாய்: "இல்ல சேட்டா. செம்பு நம்ம வீட்டுலயே இல்ல."

துரிசு என்றால் செம்புதான் என்பது எனக்குத் தெரியும். பூச்சிமருந்துக் கடையில் மூட்டையின் மேலேயே எழுதியிருக்கும். இலையைக் கருக்காத அளவை அரிவாள் காட்டாது, இறாலைக் கொல்ல அதுவே போதும். கையில் டீயோடு நின்றவன் அந்த நிமிஷத்தில் உள்ளே வந்து, "நாந்தாண்டா ஊத்துனேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு எட்டுத்தான். நான் டீயை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டேன். ஏன் என்று இரண்டு வருஷமாக யோசித்திருக்கிறேன். ஊரெல்லாம் உன் தொட்டியைக் கேலி செய்து திரிந்தவன் நான். நான்தான் கெடுத்தேன் என்று சொன்னால், வேண்டுமென்று செய்தேன் என்றுதானே நீ நினைப்பாய்? நான் செய்தது தப்புத்தான், ஆனால் ஆசையில் செய்த தப்பு என்று சொல்ல வேண்டும் என்றால், ஆசை இருந்ததையும் சொல்ல வேண்டும். அது என் வாயில் வரவில்லை. நீ செத்ததையெல்லாம் ஒரு எவர்சில்வர் தட்டில் எடுத்துக்கொண்டு போய்க் காப்பிச்செடி மூட்டில் புதைத்தாய். உன் அம்மா அழுதாள். நீ அழவில்லை. "என் கையில எதும் தங்காதும்மா, அப்பா சரியாத்தான் சொன்னாரு" என்றாய். எனக்கு எதிரே நின்று சொன்னாய் தம்பி. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்த மாதமே மஸ்கட் வேலைக்குச் சரி என்றுவிட்டாய். காலித் தொட்டியை ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் பின்னறையில் சாக்குப் போட்டு மூடினாய். வரியனை மூடி போட்ட வாளியில் விட்டு, அடிமாலிக் கடையில் கொடுத்துவிடுங்கள் என்று என் கையில் தந்தாய். பஸ்ஸிலிருந்து நீ கையைக் காட்டியபோது நான் சரியென்று தலையாட்டினேன். கொடுக்கவில்லை. அவனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. அன்றைக்கே எறணாகுளம் கடைக்காரருக்குப் போன் செய்து, பெயரைச் சொல்லாமல், செம்பு பட்ட தொட்டியை என்ன செய்வது என்று கேட்டேன். பழைய கல்லையும் மணலையும் தூக்கிப்போடு, கண்ணாடியைப் பலமுறை வினிகர் போட்டுக் கழுவு, செம்பு பார்க்கும் சொட்டு மருந்து ஒன்று அனுப்புகிறேன் என்றார். பின்னறையிலேயே தொட்டியை மறுபடி ஓட விட்டேன்: புது வாளி, புதுக் குழாய், புதுக் கல். உப்பு கலக்கும் வாளியில் உன் அம்மா பெயின்டில் பெரிதாக மீன் படம் போட்டாள், எந்த மடையனும் எடுக்காமல் இருக்க. நாற்பது நாள் வரியன் தனி வாளியில் கிடந்தான், தினமும் பாதித் தண்ணீர் மாற்றினேன். உன் கல்யாணத்துக்கு வந்த நீ பெண் வீட்டுப் பக்கம் போடியில் தங்கிவிட்டு வீட்டுக்கு ஒரே ஒரு மத்தியானம் வந்தாய். பின்னறைக்குப் போவாயோ என்று அதன் சாவியை மடியிலேயே வைத்திருந்தேன். வீடியோ காலில் உன் அம்மா எப்போதும் சுவரையே காட்டிக்கொண்டு பேசுகிறாளே என்று பவித்ரா கேட்டாளாமே, அதற்கும் காரணம் அந்தத் தொட்டிதான்.

பவித்ரா பேசிய அன்று மாலை உன் அம்மாவிடம் பீப்பாய் விஷயத்தைச் சொன்னேன். அதுவரை, மகன் விட்டுப்போன ஆசையை நான் தொடர்கிறேன் என்றுதான் அவள் நினைக்கிறாள் என்று எண்ணியிருந்தேன். அவள் ஏலக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள், தலையை நிமிர்த்தவில்லை. "எனக்கு அன்னைக்கே தெரியும். பீப்பா எடம் மாறி இருந்துச்சு, அடியில உப்புப் பூத்து நின்னுச்சு." அப்படியென்றால் ஏன் அவனிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். ரெண்டு வருசம் ஆச்சு. சொல்லாம இருந்தா தண்ணி தெளிஞ்சுருமா?" என்றாள். முப்பத்தோரு வருஷத்தில் அவள் என்னைத் திட்டிய திட்டெல்லாம் மறந்துவிட்டது, இது மறக்காது. பொறுக்கிய காயை முறத்தில் தட்டிவிட்டு, "போன்ல சொன்னா நீங்க பாதியில மழுப்பிருவீங்க. எழுதுங்க" என்றாள். அதனால்தான் எழுதுகிறேன்.

இப்போது உன் புதுத் தொட்டிக்கு வருவோம். அப்பன் புத்தி சொல்லுகிறான் என்று நினைக்காதே. எல்லாம் நீ எழுதி வைத்ததைப் பார்த்து நான் கற்றுக்கொண்டது. அங்கே குழாயில் வருவதே கடலை வடித்த தண்ணீர்தான் என்று செல்வம் சொன்னான், இருந்தாலும் நீ வடிகட்டியே ஊற்று. செம்பு பார்க்கும் சொட்டு மருந்தையும் மற்றதோடு வாங்கி வை, அந்த ஒன்றுதான் உன் பெட்டியில் அப்போது இல்லை. நாற்பது நாள் என்றால் நாற்பது நாள், முப்பத்தெட்டில் கை அரிக்கும், அரிக்கட்டும். ஒன்றை விட்டு, அது தேறுகிறதா என்று பார்த்து, அப்புறம் அடுத்ததை விடு. ஒரே நாளில் கடலை நிரப்பப் பார்த்தால் புதுத் தண்ணீர் தாங்காது. புதுக் குடித்தனமும் அப்படித்தான், நாங்கள் இரண்டு பேரும் பிரசவத்துக்கு வந்து ஆளுக்கொரு புத்தி சொன்னால் ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் அனுமதிக்காதே. பவித்ராவிடம் கோபம் வந்தால் வார்த்தை ஆவியாகிப் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே, உப்பு உள்ளேதான் கிடக்கும், அதன் மேல் மறுபடி உப்பு போடாமல் பச்சைத் தண்ணீர் ஊற்று. நான் உன் அம்மாவிடம் இதைச் செய்ததில்லை, அதனால் எவ்வளவு கெடும் என்று எனக்குத் தெரியும். நீ ஊரில் இல்லாத நாளில் தொட்டியை யாராவது பார்த்துக்கொண்டால், எதை ஊற்றினார்கள், எந்தப் பாத்திரத்தில் ஊற்றினார்கள் என்று கேள். மரியாதைக்குறைவு என்று நினைக்காமல் கேள். அன்றைக்கு நீ என்னிடம் கேட்கவில்லை. அப்பா தப்பு செய்வார் என்று உனக்குத் தோன்றவே இல்லை. எல்லாம் செத்துக்கிடந்த அந்த மூன்று நாளும் நீ சந்தேகப்பட்டது உன் ஒருவன் கையை மட்டும்தான்.

பிள்ளையைத் தூக்கு தம்பி. முதல் நாளே தூக்கு. வேர் மண் உதிராமல் ஏலக்கன்றைத் தரையில் வைத்த கை அது. நானெல்லாம் உன்னை முதலில் தூக்கியபோது தலை எந்தப் பக்கம் என்று தெரியாமல் பிடித்தேன், ஆசுபத்திரியில் நர்ஸ் சேச்சி கத்தினாள், நீ வளரவில்லையா? பிள்ளைக்குச் சளி பிடிக்கும், காய்ச்சல் வரும், ஒரு நாள் கட்டிலிலிருந்து விழும். அப்போதெல்லாம் காரணம் தேடு, நோட்டில்கூட எழுதிக்கொள், எடுத்த எடுப்பில் உன் கையைக் குற்றம் சொல்லாதே. இந்த மழைக்கு மேல்தோட்டத்தில் எண்பது குழி எடுத்திருக்கிறது. பேச்சியக்கா வந்து எப்போது நடவு என்று கேட்டாள். முதல் குழி மட்டும் காலியாகக் கிடக்கும் அக்கா, என் மகன் வந்து வைப்பான் என்றேன். "நல்லாருக்கும். அந்தக் கை நல்ல கைதானே" என்றாள். ஊருக்கெல்லாம் தெரிந்திருக்கிறது.

இனி முன்பக்கங்களைப் புரட்டு. ஜூன் மாதப் பக்கத்தில் நீ கடைசியாக எழுதிய வரி இருக்கும்: "எல்லாம் போய்விட்டது. காரணம் தெரியவில்லை. என் தவறு." அதை நான் அடிக்கவில்லை, உன் எழுத்தை அடிக்க எனக்கு யோக்கியதை இல்லை. அதற்குக் கீழே காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அடுத்த பக்கத்திலிருந்து என் கோணல் எழுத்து. அமோனியா இல்லை, செம்பு இல்லை, உப்பு முப்பத்தைந்து, வரியன் சாப்பிட்டான். ஒரு வருஷம் ஒன்பது மாதமாக அதே வரிதான். நடுவில் நத்தை வந்த நாள், இறால் வந்த நாள், பவளம் கையை விரித்த நாள் எல்லாம் இருக்கும். உன் முறையில் ஒரு எழுத்தைக்கூட நான் மாற்றவில்லை, பாத்திரத்தை மட்டும்தான் மாற்றினேன். என்னை மன்னிப்பதா வேண்டாமா என்பதை நிதானமாக யோசி, அவசரமில்லை. போனை எடுக்காமல் இருந்தாலும் பொறுத்துக்கொள்வேன், எனக்கு அது வேண்டியதுதான். தண்ணீரை மட்டும் இந்த வெள்ளிக்கிழமையே ஊற்றிவிடு. அன்றைக்கு ஊற்றினால்தான் உன் பிள்ளை வீட்டுக்கு வரும்போது தண்ணீர் பக்குவமாகி இருக்கும்.

அப்பா